நீ யார் என்று கேட்கும் விசை

2009. அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட். என் திரையில் ஆறு கறுப்பு ஜன்னல்கள், ஆறும் அச்சு அசல் ஒரே மாதிரி. சோதனை சர்வர் என்று நினைத்து ரீபூட் கொடுத்தேன். விழுந்தது வாடிக்கையாளரின் லைவ் சர்வர். அது எழுந்து வரும்வரை நாற்காலியில் உட்கார முடியவில்லை.

காலையில் பட்டரவாக்கத்தில் ரயிலேறி, திருமுல்லைவாயில் வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவிடம் சொன்னேன். 1960-ல் தொடங்கிய கிண்டி இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸில் வேலை பார்த்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "அனுப்பறதுக்கு முன்னாடி நீ யாருன்னு கேக்கலியாப்பா?" என்றார்.

செய்தியைத் தொலைதூரத்துக்குத் தட்டச்சு செய்து அனுப்பும் டெலிபிரிண்டரில் 'ஹூ ஆர் யூ' என்றே ஒரு விசை உண்டாம். அழுத்தினால், எதிர்முனையில் ஆள் இல்லாவிட்டாலும் இயந்திரம் தன் பெயரைத் தானே அடித்து அனுப்பும். உள்ளே ஒரு சிறு உருளை, இருபது எழுத்துக்கு இடம். அதன் மெல்லிய பற்களைக் கணக்குப் பார்த்து ஒடித்துத்தான் பெயரைப் பதிக்க வேண்டும். ஒரு பல்லைத் தப்பாக ஒடித்தால் பெயரே மாறிவிடும். பெரியப்பா கட்டைவிரல் நகத்தால் வெறுங்காற்றில் ஒடித்துக் காட்டினார். ஆளைக் கூப்பிட மணியும் உண்டு.

அந்த இரண்டும் பிறகு ஆஸ்கி எழுத்துப் பட்டியலில் இடம்பிடித்தன: கேள்வி 5, மணி 7. 1978-ல் டெக் நிறுவனத்தின் விடி100 டெர்மினல் வந்தபோது மேஜைக்கு ஒரு திரை, அதில் ஒரே வேலை. தலைப்புக்கு அவசியமில்லை. ஒரே திரையில் பல ஜன்னல் திறக்க முடிந்த பிறகுதான் எது எது என்ற குழப்பம். 1984-ல் எம்ஐடியில் மார்க் வான்டவூர்ட் எழுதத் தொடங்கிய எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் நிரல், பின்னாளில் ஜன்னலுக்குப் பெயர் வைக்கும் வழியைப் பரப்பியது. எஸ்கேப், வலது சதுர அடைப்புக்குறி, பூஜ்யம், அரைப்புள்ளி, அடுத்து நாம் வைக்கும் பெயர், கடைசியில் அதே ஏழாம் எண் மணி. இங்கே அது ஒலிக்காது. பெயர் முடிந்தது என்று மட்டும் சொல்லும். கிண்டியில் ஆளைக் கூப்பிட்ட மணி இங்கே ஒரு பெயருக்குக் காவல் நிற்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

வைத்த பெயரைத் திருப்பிக் கேட்கும் வசதியும் இருந்தது. ஆனால் பதில், நாமே தட்டச்சு செய்தது போல ஷெல்லுக்குள் வந்து விழும். விஷமக் கோப்பு ஒன்று தலைப்பில் கட்டளையை ஒளித்து வைக்கலாம் என்று 2003-ல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஹெச்.டி. மூர் எச்சரித்தார். பல டெர்மினல்கள் அந்தக் கதவைச் சாத்திவிட்டன. நியாயம்தான்.

பெரியப்பாவிடம் பேசிய அன்று மாலையே பாஷ் ஷெல்லின் பிராம்ப்ட் கமாண்டில், ஜன்னலுக்குப் பெயர் வைக்கும் அந்த வரியைப் போட்டேன். ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் சர்வரின் பெயரும் ஃபோல்டரும் ஜன்னல் நெற்றியில் ஏறின. லைவ் சர்வருக்கு மட்டும் தமிழில், 'நேரலை, கை வைக்காதே'.

பெரியப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். எத்தனை எழுத்து வரைக்கும் போடலாம் என்று கேட்டார். இருபதுக்கு மேலேயும் போகும் என்றேன்.

"இருபதுலயே நாங்க ஊர் பேரையும் சேத்துடுவோம்" என்றார்.