தரவுப் பணியோட்டத்தைத் தொடங்கிவைக்கும் கோரிக்கை: ஒரு வரலாறு

மேகக் கணிமை மென்பொருளில் உள்ள ஒரு தரவுப் பணியோட்டத்தை, மனிதர் எவரும் பொத்தானை அழுத்தாமலேயே, வேறொரு நிரல் இணையம் வழியே செய்தி அனுப்பித் தொடங்கிவைப்பது இன்று அன்றாட நடைமுறையாகிவிட்டது. பணியோட்டம் என்பது வரிசைப்படி நடக்க வேண்டிய தரவு வேலைகளின் தொடர். எடுத்துக்காட்டாக, பல கடைகளின் விற்பனைக் கோப்புகளைத் திரட்டுதல், பிழைகளை நீக்குதல், மொத்தத் தொகையைக் கணக்கிடுதல், அறிக்கைக்கான அட்டவணையில் எழுதுதல் ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு பணியோட்டம் ஆகும். அதைத் தொடங்கச் சொல்லும் செய்தி கோரிக்கை எனப்படுகிறது.

கோரிக்கை பெரும்பாலும் சில வரிகளே கொண்டது. எனினும் அச்சில வரிகள் மூன்று கேள்விகளுக்கு இடம் தர வேண்டியுள்ளது. கேட்பவர் யார்? இதே வேலை ஏற்கெனவே தொடங்கப்பட்டுவிட்டதா? தொடங்கிய வேலை என்ன ஆயிற்று? கணினி அறையில் மனிதர் நின்றிருந்த காலத்தில் இவற்றை அவரே பார்த்துக்கொண்டார். அவர் அங்கிருந்து விலகிய பின், அவருடைய பொறுப்பு சிறிது சிறிதாகக் கோரிக்கைக்குள் வந்து சேர்ந்தது.

துளையட்டைக் காலம்

1964 இல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம் 360 கணினி வரிசையை அறிவித்தது. அக்காலத்தில் வேலைகள் தொகுதி முறையில் நடந்தன. நிரலர் தம் நிரலையும் தரவையும் துளையட்டைகளில் பதிந்து, அட்டைக் கட்டாகக் கணினி அறையில் ஒப்படைப்பார். கணினி இயக்குநர் அக்கட்டை அட்டைப் படிப்பானில் வைப்பார். தேவையான காந்த நாடாக்களைப் பொருத்துவார். அச்சாகி வந்த தாள்களை உரியவருக்குத் தருவார்.

கட்டின் தொடக்கத்தில் வேலை அட்டை ஒன்று இருக்கும். ஜேசிஎல் எனப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டு மொழியில் எழுதப்பட்ட அவ்வட்டையில் வேலையின் பெயர், கணக்கு விவரம், நிரலரின் பெயர் ஆகியவற்றைக் குறிக்க இடம் இருந்தது. இன்றைய கோரிக்கையின் முன்னோடி என்று அதனைக் கருதலாம். எந்த வேலை, யாருக்காக, யார் கணக்கில் என்பவற்றை அது கணினிக்குச் சொன்னது. எஞ்சியதை இயக்குநர் கவனித்தார். ஒரே கட்டு இரண்டாம் முறை வந்தால் அவர் கேள்வி கேட்க முடியும். நாடா வந்து சேராவிட்டால் வேலையை நிறுத்திவைக்க முடியும்.

கடிகாரத்தின் காலம்

இயக்குநர் இல்லாமலே வேலையைத் தொடங்கும் எளிய வழி, நேரத்தைக் கணினியிடம் ஒப்படைப்பதாகும். 1979 இல் பெல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் கிரான் என்னும் நிரல் இடம்பெற்றது. நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை என்று ஐந்து புலங்களில் எழுதிவைத்தால், குறித்த நேரத்தில் குறித்த கட்டளையை அது இயக்கும். 1987 இல் பால் விக்சி எழுதிய வடிவம் பின்னர் லினக்ஸ் கணினிகளில் பரவலாயிற்று.

கிரானுக்கு நேரம் மட்டுமே தெரியும். இரவு 1 மணிக்குக் கோப்பு வந்துவிடும் என்று நம்பி, 2 மணிக்குக் கணக்கீட்டை அமைப்பது வழக்கம். கோப்பு 2.30 மணிக்கு வந்தாலும் கணக்கீடு 2 மணிக்கே ஓடிவிடும். பழைய தரவோ வெற்றுத் தரவோ கொண்டு அறிக்கை உருவாகும். அது பிழையானது என்பதைக் காட்ட அதில் எந்த அடையாளமும் இருக்காது.

ஒரு வேலை மற்றொன்றைச் சார்ந்திருப்பதை எழுதிக்காட்டும் கருத்து அதற்கு முன்பே பிறந்திருந்தது. 1976 இல் பெல் ஆய்வகத்தின் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக் என்னும் நிரல், எந்தக் கோப்பு எதிலிருந்து உருவாகிறது என்பதை அறிந்து, மாறியவற்றை மட்டும் மீண்டும் உருவாக்கியது. நிரல்களைத் தொகுப்பதற்காக எழுந்த இக்கருத்து, பிற்காலத் தரவுப் பணியோட்டங்களின் அடிப்படையாயிற்று.

வலை வழியே வந்த கோரிக்கை

சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய எச்டிடிபி நெறிமுறையின் 1991 ஆம் ஆண்டு வடிவில் கெட் என்னும் ஒரே கட்டளைதான் இருந்தது. ஓர் ஆவணத்தைக் கேட்டுப் பெறுவதே அதன் வேலை. 1993 இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில் சிஜிஐ முறை உருவானது. அதன்பின் வலைக் கோரிக்கை ஒன்று ஆவணத்தைத் தருவதோடு நில்லாமல், வழங்கியில் ஒரு நிரலை ஓடவைக்கவும் செய்தது.

1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணம், படித்தலையும் செயலையும் பிரித்துக் காட்டியது. கெட் என்பது தகவலைப் பெறுவதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். மாற்றம் விளைவிக்கும் செயலுக்குப் போஸ்ட் போன்ற கட்டளைகள் உள்ளன. பலர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. அதன் விளைவு 2005 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு கூகுள் வெளியிட்ட வெப் ஆக்சிலரேட்டர் என்னும் மென்பொருள், பயனர் பார்க்கும் பக்கத்தில் உள்ள இணைப்புகளை முன்கூட்டியே தானாகத் திறந்து சேமித்துவைத்தது. சில வலைச் செயலிகளில் நீக்கு என்பதும் சாதாரண இணைப்பாகவே அமைக்கப்பட்டிருந்தது. பயனர் தொடாமலேயே அந்த இணைப்புகள் திறக்கப்பட்டு, அவர்களுடைய தரவு நீங்கியது. பணியோட்டத்தைத் தொடங்கும் கோரிக்கைக்குப் போஸ்ட் கட்டளை பயன்படுத்தப்படுவதன் காரணத்தை இந்நிகழ்வு தெளிவாக்குகிறது.

அதே 1996 ஆவணத்தில் 202 என்னும் விடைக்குறியும் இருந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டது, வேலை இன்னும் முடியவில்லை என்பது இதன் பொருள். நாளுக்கு ஒருமுறை ஓடும் தொகுதி வேலை போன்றவற்றுக்கு இது உதவும் என்று அந்த ஆவணமே விளக்கியது. தையற்கடையில் துணியைப் பெற்றுக்கொண்டு சீட்டுத் தருவதை இதற்கு ஒப்பிடலாம். சீட்டு கைக்கு வந்ததால் சட்டை தைக்கப்பட்டுவிட்டது என்று ஆகாது; ஆனால் சீட்டைக் காட்டிப் பிறகு கேட்கலாம். நீண்ட நேரம் ஓடும் தரவு வேலைகளுக்கு இம்முறையே பொருந்தியது.

மேகமும் யானைப்பாகனும்

2000 இல் ராய் ஃபீல்டிங் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் அளித்த ஆய்வேடு, ரெஸ்ட் என்னும் வடிவமைப்பு முறையை விளக்கியது. 2006 இல் அமேசான் நிறுவனம் எஸ்3 சேமிப்புச் சேவையையும் இசி2 கணினிச் சேவையையும் வெளியிட்டது. சேமிப்பிடம் வேண்டுமா, கணினியே வேண்டுமா, எதுவானாலும் கோரிக்கை அனுப்பிப் பெறலாம் என்ற நிலை உருவானது. 2007 இல் ஜெஃப் லிண்ட்சே வெப்ஹூக் என்னும் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மாற்றம் உண்டா என்று ஒரு மென்பொருள் அடிக்கடி போய்க் கேட்பதற்குப் பதிலாக, மாற்றம் நிகழ்ந்ததும் மற்ற மென்பொருளே கோரிக்கை அனுப்பித் தெரிவிப்பது வெப்ஹூக் முறை. கோப்பு வந்த பிறகே கணக்கீடு தொடங்க வேண்டும் என்ற பழைய சிக்கலுக்கு இது ஒரு தீர்வாயிற்று.

இதே காலத்தில் பெருந்தரவுக்கான ஹடூப் மென்பொருள் வளர்ந்தது. டக் கட்டிங் தம் மகனின் யானைப் பொம்மையின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஹடூப் வேலைகளை வரிசைப்படுத்த யாஹூ நிறுவனத்தில் உருவான மென்பொருளுக்கு ஊஸி என்று பெயரிடப்பட்டது. பர்மிய மொழியில் அச்சொல் யானைப்பாகனைக் குறிக்கும். ஊஸியில் ஒரு பணியோட்டத்தைப் போஸ்ட் கோரிக்கை மூலம் ஒப்படைக்கலாம். ஏற்கப்பட்டால் வேலை எண் ஒன்று விடையாக வரும். அவ்வெண்ணைக் கொண்டு வேலையின் நிலையைப் பின்னர் கேட்டறியலாம். இயக்குநரிடம் நேரில் கேட்ட கேள்வி இப்போது ஓர் எண்ணாக மாறியது.

திறந்து கிடந்த கதவு

2014 அக்டோபரில் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் மேக்சிம் போஷெமின் ஏர்ஃப்ளோ என்னும் மென்பொருளைத் தொடங்கினார். 2015 இல் அது பொதுவெளிக்கு வந்தது. 2016 இல் அப்பாச்சி அறக்கட்டளையின் வளர்ப்புத் திட்டத்தில் சேர்ந்து, 2019 இல் அதன் முதல்நிலைத் திட்டமாயிற்று. வேலைகளுக்கிடையே உள்ள சார்பைப் பைத்தான் மொழியில் எழுதும் வசதியால் அது உலகெங்கும் பரவியது.

வெளியிலிருந்து பணியோட்டத்தைத் தொடங்க ஏர்ஃப்ளோவில் முதலில் ஒரு சோதனை இடைமுகம் இருந்தது. நிறுவியவர் எதையும் மாற்றாவிட்டால், அது அடையாளம் கேளாமலேயே எல்லாக் கோரிக்கைகளையும் ஏற்றுக்கொண்டது. நிறுவனத்தின் உள் வலையமைப்பில் மட்டும் இருந்தவரை இதன் ஆபத்து வெளியே தெரியவில்லை. மேகக் கணினியில் இணையத்துக்குத் திறந்த நிலையில் நிறுவப்பட்டபோது, முகவரி தெரிந்த எவரும் பணியோட்டத்தைத் தொடங்கலாம் என்றாயிற்று. மென்பொருளுடன் வந்த மாதிரிப் பணியோட்டம் ஒன்றில் இருந்த மற்றொரு குறையும் சேர்ந்தால், அயலார் தம் கட்டளையை அந்தக் கணினியில் ஓட்டவும் வழி இருந்தது.

2020 இல் வெளியான 1.10.11 பதிப்பு, இயல்பு நிலையில் அக்கோரிக்கைகள் அனைத்தையும் மறுக்குமாறு மாற்றப்பட்டது. ஆனால் ஏற்கெனவே நிறுவியவர்கள் தங்கள் அமைப்பைத் தாங்களே திருத்த வேண்டியிருந்தது. 2022 இல் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை, உண்மையில் தாக்குதலுக்குப் பயன்படுத்தப்பட்ட குறைகளின் பட்டியலில் இவ்விரண்டையும் சேர்த்தது. 2020 டிசம்பரில் வெளிவந்த ஏர்ஃப்ளோ 2.0, அடையாளச் சரிபார்ப்புடன் கூடிய நிலையான இடைமுகத்தை அளித்தது.

கேட்பவர் யார் என்பதைக் கோரிக்கையோடு சேர்த்து அனுப்பும் பொதுமுறைகள் அதற்கு முன்பே உருவாகியிருந்தன. 2012 அக்டோபரில் வெளியான ஓஆத் 2.0 வரையறை அவற்றுள் முதன்மையானது. கடவுச்சொல்லை நேரடியாகத் தராமல், குறிப்பிட்ட செயலுக்கு, குறிப்பிட்ட காலம் வரை செல்லும் டோக்கன் ஒன்றை அளிப்பது இம்முறை.

இருமுறை கேட்டால்

கேட்பவர் சரியானவராக இருந்தாலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. கோரிக்கை போய்ச் சேர்ந்து, பணியோட்டம் தொடங்கி, விடை மட்டும் வழியில் தொலைந்துபோகலாம். பதிவுத் தபால் சேர்ந்தும் ஒப்புகை அட்டை திரும்பி வராததைப் போன்றது இது. அனுப்பிய நிரலுக்குக் கோரிக்கை சேரவில்லையா, விடை வரவில்லையா என்பது தெரியாது. மீண்டும் அனுப்பாவிட்டால் வேலை நடக்காமலே போகலாம். மீண்டும் அனுப்பினால் ஒரே வேலை இருமுறை நடக்கலாம். விற்பனைத் தொகை இரட்டிப்பாகும். சம்பளக் கோப்பு இருமுறை வங்கிக்குச் செல்லவும் கூடும்.

1997 இல் வெளியான எச்டிடிபி 1.1 ஆவணம் இதற்கான சொல்லைத் தந்தது. எத்தனை முறை அனுப்பினாலும் ஒருமுறை அனுப்பியதற்குரிய விளைவே கிட்டும் கட்டளைகளை அது தனியாக வகைப்படுத்தியது. போஸ்ட் அவ்வகையில் இல்லை. பணியோட்டங்களைத் தொடங்குவதற்கோ போஸ்ட்தான் பயன்பட்டது. ஆகவே இக்குறையை ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியே ஈடுசெய்ய வேண்டியதாயிற்று.

அமேசான் 2016 டிசம்பரில் வெளியிட்ட ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் சேவையின் நிலையான வகையில், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் அனுப்புபவரே பெயர் சூட்டலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டத்தின் பெயரோடும் உள்ளீட்டோடும் மீண்டும் கோரிக்கை வந்தால், புதிய ஓட்டம் தொடங்காது. முதல் விடையே திரும்ப வரும். உள்ளீடு வேறாக இருந்தாலோ, அந்த ஓட்டம் முடிந்துவிட்டாலோ, கோரிக்கை மறுக்கப்படும். ஓட்டம் முடிந்து 90 நாள் கழித்தே அப்பெயரை மறுபடி பயன்படுத்தலாம். டேட்டாபிரிக்ஸ் மென்பொருளில் இதற்கெனத் தனி டோக்கன் அனுப்பும் முறை உள்ளது. ஏர்ஃப்ளோவில் ஓட்டத்துக்குரிய அடையாளப் பெயர் ஏற்கெனவே இருந்தால், முரண்பாட்டைக் குறிக்கும் 409 என்னும் விடை வரும்.

எல்லா மென்பொருளும் தொடக்கத்திலேயே சீட்டுத் தந்துவிடவில்லை. 2020 ஜூலையில் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் சேவையில் வெளியிலிருந்து பணியோட்டத்தைத் தொடங்கும் வசதி சேர்க்கப்பட்டபோது, வெற்றிக்குரிய விடையில் உள்ளடக்கம் எதுவும் இல்லை. தொடங்கிய ஓட்டத்தின் எண்ணை அறிய, அனுப்பியவர் ஓட்டங்களின் பட்டியலைத் தனியாகக் கேட்டு, தம்முடையது எது என்று ஊகிக்க வேண்டியிருந்தது.

வேலையின் பங்கு

கோரிக்கை எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும் முழுப் பாதுகாப்பும் அதனால் மட்டும் வந்துவிடாது. பெயர் மாறிப்போனாலோ, இயக்குபவர் ஒருவர் கையால் மீண்டும் தொடங்கினாலோ, அதே வேலை இரண்டாம் முறை ஓடும். எனவே பொறுப்பின் ஒரு பகுதி வேலைக்கே செல்ல வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 2018 இல் மேக்சிம் போஷெமின் எழுதிய கட்டுரை ஒன்று இதனை வலியுறுத்தியது. ஒரு நாளுக்குரிய தரவை அட்டவணையின் இறுதியில் சேர்த்துக்கொண்டே போகாமல், அந்நாளுக்குரிய பகுதியை முழுவதும் மாற்றி எழுதும்படி வேலையை அமைத்தால், அது எத்தனை முறை ஓடினாலும் முடிவு ஒன்றாகவே இருக்கும்.

இதற்குக் கோரிக்கையும் ஒத்துழைக்க வேண்டும். எந்த நாளுக்கான தரவு என்பதைக் கோரிக்கை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இன்று என்று மட்டும் வேலை எடுத்துக்கொண்டால், நள்ளிரவுக்கு முன் அனுப்பிய கோரிக்கையும், விடை வராமையால் நள்ளிரவுக்குப் பின் மீண்டும் அனுப்பிய அதே கோரிக்கையும் இரு வேறு நாள்களின் தரவைத் தொடும். அந்தத் தேதி ஒரு வரியில் அடங்கிவிடும். துளையட்டைக் காலத்தில் அதை இயக்குநரிடம் வாய்மொழியாகவும் சொல்லியிருக்கலாம். இப்போது கோரிக்கையில் எழுதாவிட்டால் அதைக் கேட்டறிய அங்கே யாரும் இல்லை.