பூப்பந்தாட்டமும் நாற்பது கடந்தோரும்

தமிழர் குடியேறிய ஊர்களிலெல்லாம் கோயிலும் சங்கமும் தோன்றின என்பதை யாவரும் அறிவர். தென்னாட்டார் பலர் மட்டையும் மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தும் உடன்கொண்டு சென்றனர் என்பதை நினைப்போர் சிலரே. அப்பந்தின் வரலாற்றைக் காலனிக் குடும்பங்களுக்குச் சுருங்கக் கூற விழைகிறோம்.

பூப்பந்தாட்டம் தஞ்சையிற் பிறந்தது. 1856-ஆம் ஆண்டளவிலேயே தஞ்சை அரச குடும்பத்தார் இதனை ஆடினர் என்பர். அதற்கு முந்திய ஆண்டில் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்தார். ஆட்சி கம்பெனியார் வசமாயிற்று. அரசு போயிற்று, ஆட்டம் நிலைத்தது. இறகுப்பந்து ஆடிய ஆங்கிலேயரும், காற்றும் ஈரமும் மிக்க வேளைகளில் கம்பளிப் பந்தையே விரும்பினர். பின்னர் இறகுப்பந்து கூரைக்குள் புகுந்தது. பூப்பந்தோ வெட்டவெளியிலே வளர்ந்து, பள்ளிகளிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் பரவிற்று. 1954-இல் இந்தியப் பூப்பந்தாட்டக் கூட்டமைப்பு நிறுவப்பெற்றது.

ஆடுகளம் 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உடையது. பக்கத்துக்கு ஐவர்: முன்னே இருவர், நடுவே ஒருவர், பின்னே இருவர். 27 முதல் 30 கிராம் எடையுள்ள பந்தைத் தரை தொடுமுன் ஒரே அடியில் எதிர்ப்பக்கம் திருப்புதல் வேண்டும். முன்னாளில் 29 புள்ளி எட்டிய அணி வென்றது. பிற்காலத்தில் அது 35 ஆயிற்று.

இவ்வைவர் அமைப்பே நடுவயதினர்க்கு உகந்தது. களம் முழுதும் ஒருவரே ஓட வேண்டுவதில்லை. தமக்குரிய இடத்தைக் காத்தால் போதும். கால் சற்றுத் தளர்ந்தாலும், பந்து வரும் திசையை முன்னறியும் பழக்கம் கைகொடுக்கும். ஒருவர் வாராவிடில் மற்ற நால்வரின் ஆட்டமும் குலையுமாதலால், அவர் வீட்டுக் கதவைத் தட்டி அழைத்துச் செல்வர். பகலெல்லாம் கோப்புகளோடு மன்றாடியவர், மாலையில் நான்கு நண்பர்க்கு இன்றியமையாதவர் ஆகிறார். இதனினும் பெரிய ஊதியம் வேறுண்டோ?

வயது தடையன்று என்பதற்கு வாரங்கல் ஜே. பிச்சையா அவர்களே சான்று. 1918-இல் பிறந்த அப்பெரியார், 1970-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்றபோது ஐம்பதைக் கடந்திருந்தார். பூப்பந்தாட்டத்துக்கு முதன்முதல் அவ்விருதைப் பெற்றுத் தந்தவர் அவரே. நூறாண்டு கடந்து வாழ்ந்து 2021-இல் மறைந்தார்.

இனி நம் கிட்வாய் நகரை நோக்குவோம். கிழக்குப் பகுதியின் பழைய தாழ்ந்த குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, வானளாவும் மாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. வாசற்படியில் நின்று அளவளாவிய நாம், இன்று லிஃப்டில் தலையசைத்துப் பிரிகிறோம். பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்குமாக வெளியூர் செல்கின்றனர். பணி ஓய்வும் நெருங்கிக்கொண்டே வருகிறது. அந்நாள் வந்தபின் நண்பரைத் தேடுதல் எளிதன்று. இன்றே தேடிக்கொள்ளல் நன்று.

ஆகவே, சங்கத்தார் ஒரு வலையும் பத்து மட்டைகளும் வாங்கி, அருகில் ஒரு திடலுக்கு இசைவு பெற்றுத் தருவாராயின், குளிர்கால ஞாயிறு காலைகள் பயனுறக் கழியும். தந்தையர் ஆடக் கண்டு பிள்ளைகளும் மட்டை ஏந்துவர். தஞ்சையின் செல்வமொன்று தில்லியிலும் தழைக்கும். விருப்பமுடைய அன்பர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் தருவார்களாக. தொடங்குவதற்குப் பத்துப் பேர் போதும்.