பால்மரக் காட்டில் பள்ளிக்கூடம்

படித்தால் உயரலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாத பெற்றோர் இல்லை. ஆனால், பிள்ளைகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று நடத்தப்பட்ட பள்ளிகளும் உண்டு. நம் தோட்டப்புற வரலாறே அதற்குச் சாட்சி.

கார்ல் மார்க்ஸ் 1867-இல் வெளியிட்ட 'மூலதனம்' நூலில், இங்கிலாந்தின் தொழிற்சாலைச் சிறுவர்களைப் பற்றி எழுதினார். அவர்கள் பள்ளிக்குச் சென்றதாகச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்பது சட்டம். அதில் கையொப்பமிட வேண்டிய ஆசிரியர்கள் சிலருக்கே எழுதத் தெரியாது. சிலுவைக் குறி போட்டுக் கொடுத்தார்கள்.

மார்க்ஸ் கல்விக்கு எதிரானவர் அல்லர். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பொதுக்கல்வி வேண்டும் என்று 1848-ஆம் ஆண்டுக் கம்யூனிஸ்டு அறிக்கை கோரியது. அவர் வழிவந்தவர்கள் எழுப்பிய கேள்வி வேறு: பள்ளி யாருக்காக நடக்கிறது? 1976-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் பௌல்ஸ், ஜிந்திஸ் இருவரும் ஒரு விளக்கம் தந்தனர். நேரத்துக்கு வருவது, மேலே இருப்பவருக்குப் பணிவது, மதிப்பெண்ணுக்காக உழைப்பது ஆகிய வகுப்பறைப் பழக்கங்கள், நாளைய தொழிலாளியை உருவாக்கும் பயிற்சியே என்றார்கள்.

இதை மலாயாவில் பொருத்திப் பார்ப்போம். மீனவரின் மகன் தந்தையைவிடச் சிறந்த மீனவனாக வேண்டும்; விவசாயியின் மகன் சிறந்த விவசாயியாக வேண்டும். மலாய்ப் பள்ளிகளைப் பற்றி 1920-இல் காலனித்துவ அதிகாரி ஜார்ஜ் மெக்ஸ்வெல் எழுதிய கருத்து இது. தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அதே அளவுகோல்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. சட்டத்துக்காகத் திறந்த பள்ளிகள் பல கொட்டகைகளிலேயே நடந்தன. கிராணியோ கங்காணியோ பாடம் சொன்ன இடங்களும் உண்டு. தொடக்கக் கல்வி முடிந்ததும் பிள்ளைகளுக்குக் காத்திருந்தது பால்மரமும் வாளியும்தான்.

முதலாளிகள் ஏன் பள்ளி திறந்தார்கள் என்பதற்கு மார்க்சியப் பார்வையில் தெளிவான பதில் கிடைக்கிறது. தொழிலாளர்கள் ஏன் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்பதற்கு அது மட்டும் போதாது. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் பத்திரிகையை வாசிக்க, லயத்து மக்கள் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். அடங்கிப் போவதற்காகக் கொடுக்கப்பட்ட எழுத்து, உலகத்தை லயத்துக்குள் கொண்டுவந்தது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர். சம ஊதியம் வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரைமாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் பட்டியலிலேயே இன்னொன்றும் இருந்தது: பிள்ளைகளுக்கு முறையான கல்வி!

நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வரவழைக்கப்பட்டது, உயிர்கள் பறிபோயின.

தோட்டத்தில் பள்ளி ஏற்கெனவே இருந்தும், முறையான கல்வி வேண்டும் என்று ஏன் கேட்டார்கள்? பள்ளிக்கூடம் வேறு, கல்வி வேறு என்பதைப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள். இன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நாமும், அங்கே என்ன கிடைக்கிறது என்று கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.