பீரங்கிப் படையின் தூரிகை

லண்டனை அடுத்த வூலிச் ராணுவக் கழகத்தில் பீரங்கிப் படைக்குப் பயின்ற இளைஞர்கள் கணக்கோடு ஓவியமும் படித்தார்கள். புகைப்படம் பிறக்காத காலம்; எதிரியின் கோட்டையையும் ஆற்று வளைவையும் மேலதிகாரிக்குக் காட்டக் கையால் வரைந்த படம்தான் வழி.

அங்கே பயின்ற தாமஸ் டேவிஸ் 1757-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்கு வந்தார். 1760களின் தொடக்கத்தில் நயாகரா அருவியை நேரில் கண்டு நீர்வண்ணத்தில் தீட்டினார். 1697-இல் வெளியான ஹென்னபின் பாதிரியாரின் நூல் அந்த அருவியின் உயரத்தை மூன்று மடங்குக்கும் மேலாகப் பெருக்கிச் சொல்லியிருந்தது. டேவிஸின் படத்திலோ கண்ட அருவியே விழுகிறது. மரத்தின் இலைகளைக்கூட அவர் அவசரப்படாமல் தீட்டுவார். ராணுவத் தேவைக்கு அவ்வளவு பொறுமை வேண்டியதே இல்லை.

1812-இல் இறந்த அவரைக் கலையுலகம் ஏறக்குறைய மறந்தேவிட்டது. 1953-இல் டெர்பி பிரபு குடும்பத்தின் தொகுப்பிலிருந்த அவருடைய படங்கள் ஏலத்துக்கு வந்தபோதுதான் அந்த வண்ணங்கள் மீண்டும் வெளிச்சம் கண்டன.