உப்பு வண்டி சென்ற வழி: நெய்தல் நிலப் பொருளியல் பற்றி ஒரு மறுநோக்கு

ஐந்திணைகளை மனித நாகரிகத்தின் அடுத்தடுத்த படிகளாகக் கண்டவர் பி. டி. சீனிவாச ஐயங்கார். வேட்டையில் தொடங்கி உழவில் முடியும் அந்த ஏணியை 1929இல் வெளிவந்த தம் தமிழர் வரலாற்று நூலில் அவர் நிறுவினார். கார்த்திகேசு சிவத்தம்பி அந்த ஏணியைக் கிடையாகச் சாய்த்தார். திணைக் கோட்பாட்டைப் பற்றி 1974இல் 'சோஷியல் சயன்டிஸ்ட்' இதழில் அவர் எழுதிய ஆங்கிலக் கட்டுரை, திணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை அல்ல, ஒரே காலத்தில் அருகருகே நின்ற சமனற்ற வளர்ச்சி நிலைகள் என்றது. சங்க இலக்கியத்தைச் சமூக வரலாற்றுச் சான்றாகக் கையாளும் துணிவைப் பின்வந்தோர் பெற்றது பெரும்பாலும் இக்கட்டுரையிலிருந்துதான். மருதத்தின் உபரி விளைச்சலே அரசுருவாக்கத்துக்கு அடித்தளம் என்ற அவருடைய முடிவை நான் மறுக்கவில்லை. மறுப்பது அவர் எடுத்துக்கொண்ட அலகை. படிகளைக் கைவிட்ட பிறகும், ஒவ்வொரு திணையும் தனக்கென ஓர் உற்பத்தி முறையும் அதற்கேற்ற ஒரு சமூக நிலையும் கொண்ட நிலத்துண்டு என்ற எண்ணம் அவருடைய சட்டகத்தில் அப்படியே தங்கிவிட்டது. மீன்பிடிப்பும் உப்பு விளைப்பும் நெய்தலுக்கு, உழவு மருதத்துக்கு என்று பிரித்த பின்னர், இவற்றுக்கிடையே ஓடிய வண்டியும் ஓடமும் இரு முழுமைகளை இணைக்கும் துணைச்செய்தியாகச் சுருங்கிவிடுகின்றன. ஆனால் நெய்தல் பாடல்களில் பல, வண்டியையும் ஓடத்தையும் நீக்கினால் பொருளற்றுப் போகும். கடற்கரை வாழ்வு நெல்லோடு பிணைந்தே உருவானது, அந்தப் பிணைப்பைச் செய்தது போக்குவரத்து என்பதே இங்கு என் வாதம்.

அகநானூற்று 60ஆம் பாடலில் குடவாயிற் கீரத்தனார் பொறையனின் தொண்டியை ஒரு வீட்டுக் காட்சியால் அடையாளப்படுத்துகிறார். தந்தை நெடிய திமிலில் வலைத்தொழிலில் இருக்கிறான். மகள் அவனுக்கு உணவு கொடுக்கிறாள். சோறு உப்பை விற்றுப் பெற்ற நெல்லால் ஆனது. அதன்மேல் அயிலை மீனின் புளிக்குழம்பு, கூடவே கொழுமீன் துண்டு. மீன் கடலிலிருந்து, உப்பு கழியிலிருந்து, நெல் வயலிலிருந்து என மூன்றும் ஒரே கலத்தில் வந்துசேர்கின்றன. இச்செய்தி ஊருக்கு அடைமொழியாக மட்டுமே வருகிறது, பாட்டின் உணர்ச்சி மையத்தோடு அதற்குத் தொடர்பில்லை. கவிஞன் வலியுறுத்த முனையாமல் போகிற போக்கில் சொல்வதை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில் இடர் குறைவு. இக்குடும்பமே உப்பு விளைத்ததா என்று அப்பாட்டு தெளிவாகச் சொல்வதில்லை. அந்த இடைவெளியை அம்மூவனாரின் அகம் 140 நிரப்புகிறது. பெருங்கடலில் வேட்டையாடும் பரதவரே கழியில் உழாமல் விளைத்த உப்பை, விலைகூறி விற்கக் குன்றம் கடந்து செல்கிறார்கள் உமணர். கடலில் வலைவீசிய கையும் பாத்தியில் உப்பு வாரிய கையும் ஒரே குடியினுடையவை. அதைச் சுமந்து சென்றவர் வேறு. தொழில்களின் பிரிவினை நிலத்தின் எல்லையில் விழவில்லை, விளைப்போருக்கும் சுமப்போருக்கும் இடையில் விழுந்திருக்கிறது.

உமணரைக் கடற்கரைக்காரர் என்று கொள்ளும் வழக்கமும் சோதிக்கத்தக்கது. நற்றிணை 183இல் வரும் உமணர் தம் நாட்டில் விளைந்த வெண்ணெல்லைக் கொண்டுவந்து வேற்று நாட்டு உப்பை மாற்றிக்கொண்டு, நெடிய வண்டி வரிசையாக மணலைக் கடந்து, சுற்றத்தோடு திரும்புகிறார்கள். இவர்களுடைய ஊர் நெல் விளையும் உள்நாடு. சரக்கின் பயணம் இங்கே வயலிலிருந்து தொடங்குகிறது. பட்டினப்பாலையிலோ உப்பை விற்று நெல்லோடு திரும்பும் ஓடங்கள் கழியோரம் கட்டப்படுகின்றன. அவை கடற்கரையிலிருந்து புறப்பட்டவை. முசிறியைப் பாடும் பரணரின் புறநானூறு 343இல் மீனை விற்றுப் பெற்ற நெல் அம்பியில் குவிகிறது, மரக்கலம் தந்த பொன்னும் கழித்தோணியில்தான் கரைசேர்கிறது. நீர்வழி உள்ள இடத்தில் கரையோரத்தாரே ஓடம் செலுத்த, மேட்டு நிலத்தில் உமணரின் எருதுகள் இழுத்தன என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஔவையாரின் புறநானூறு 102 வண்டியின் அடியில் கட்டியிருக்கும் மாற்று அச்சைச் சுட்டுகிறது. மேடும் பள்ளமும் எதிர்ப்படும், நடுவழியில் அச்சு முறியும் என்று முன்கூட்டியே கணித்துப் புறப்பட்ட தொழில் அது. தேவைக்கு அண்டை அயலில் பண்டம் மாற்றிக்கொண்டவர்களுக்கு மாற்று அச்சு எதற்கு?

இந்தப் பரிமாற்றம் வெறும் பிழைப்புநிலைப் பண்டமாற்று, இதை வணிகம் என்று கொள்ளலாகாது என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதற்கு அவர்கள் காட்டக்கூடிய சான்று, நெல்லுக்கு நேர் அளவு உப்பு என்று அகம் 140இலும் 390இலும் ஒலிக்கும் கூவல். சமத்துக்குச் சமம் என்றால் இலாபம் எங்கே என்பது அவர்கள் கேள்வி. முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இரண்டு பாடல்களும் அம்மூவனார் பெயரிலேயே உள்ளன, எனவே இவை இரு சாட்சிகள் ஆகா. ஆயினும் அந்த ஒரு சாட்சியையே நுணுகிப் பார்ப்போம். நேர் என்பது முகத்தலளவையில் நேர். உமி நீங்காத நெல்லைவிட உப்பு, அதே அளவையில், ஏறத்தாழ இருமடங்கு எடை கொண்டது. ஆகவே உமணர் சுமந்துசென்ற பாரத்தில் ஏறத்தாழ பாதி எடையே நெல்லாகத் திரும்பியது. வழியில் எருதுகளுக்குத் தீனி, சுற்றத்துக்குச் சோறு, முறியும் அச்சுக்கு மாற்று என்ற செலவுகள் வேறு. பாத்தியிலும் இதே நேர் விலைதான் என்றால் ஒரு நடைக்குமேல் எந்த உமணனும் வண்டி பூட்டியிருக்க முடியாது. உப்பளத்தில் மிகக் குறைந்த விலைக்கு வாங்கிய உப்புக்குச் சாலையின் மறுமுனையில் கிடைத்த விலையே இந்த நேர் விலை என்று கொண்டால்தான் அத்தொழில் தலைமுறையாக நடந்ததற்குக் காரணம் கிடைக்கிறது. அளத்தில் நிலவிய விலையை எப்பாடலும் தருவதில்லை. இது கணக்கிலிருந்து எடுத்த ஊகம்தான். ஆனாலும் இலாபமே இல்லை என்று கொள்வதைவிட இந்த ஊகம் சான்றுக்கு நெருங்கி நிற்கிறது.

பாடலுக்கு வெளியே உள்ள சான்று அழகர்மலையில் இருக்கிறது. மதுரையை அடுத்த கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகைத்தளத்தில் தமிழ்-பிராமி எழுத்தில் கொடையாளர் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அவர்களுள் ஒருவன் வியகன் என்னும் உப்பு வணிகன். அதே இடத்தில் கொழு வணிகன், பாணித (வெல்லப்பாகு) வணிகன், அறுவை (துணி) வணிகன், பொன்கொல்லன் ஆகியோர் பெயர்களும் உள்ளன. கிழக்குக் கடற்கரை இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவு. இவ்வளவு உள்ளே, துறவியருக்கான கற்படுக்கைக்குக் கொடை தரும் நிலையில், தொழிலையே அடையாளமாகச் சொல்லிப் பெயர் பொறித்துக்கொள்ளும் ஒருவனை நிலையில்லாமல் அலைந்த பண்டமாற்றுக்காரன் என்று கொள்வது கடினம். எனக்கு இதைவிட முக்கியமாகப்படுவது அவன் அருகில் நிற்கும் கொழு வணிகன். ஏர்க்கொழு விற்றவனும் உப்பு விற்றவனும் ஒரே கொடையாளர் வட்டத்தில் இருக்கிறார்கள். உழவனின் வாசலுக்கு இரண்டு சரக்குமே வேண்டும். இப்பெயர்கள் ஒரே வேளையில் வெட்டப்பட்டவையா, கால இடைவெளியோடு சேர்ந்தவையா என்பது விவாதத்துக்குரியது. ஒன்றாக வெட்டப்படவில்லை என்று வைத்துக்கொண்டாலும், உப்பு வணிகம் உள்நாட்டு நகரம் ஒன்றைச் சார்ந்து நிலைபெற்றிருந்தது என்ற முடிவு குலையாது. பாட்டில் வரும் உமணரும் கல்லில் வரும் வணிகனும் ஒரே வகையினரா என்று கேட்டால், ஒரே தொழிலின் இரு அடுக்குகள் என்பதே என் கருத்து: ஒருவர் வண்டியோட்டிக் குடி, மற்றவர் சரக்கை ஊரில் கொண்டு விற்கும் முதலாளி.

இவையெல்லாம் திணை மரபின் கருப்பொருள் அலங்காரமே என்று சொல்வோருக்கு ஒரு பதில் உண்டு. மரபு உப்புக் குவியலையும் திமிலையும் கேட்கும். மாற்று அச்சையும் விலை விகிதத்தையும் அது கேட்பதில்லை. காலத்தில்தான் சிக்கல். ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட தொகுப்பில் அழகர்மலைக் கல்வெட்டு ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டில் வைக்கப்படுகிறது. பொருந்தல் நெல்மணிகளின் கரிமக் கணிப்பும், கீழடி அகழாய்வும் தமிழ்-பிராமியின் தொடக்கத்தைப் பின்னோக்கித் தள்ளியபின், எழுத்தமைதியை வைத்துக் கட்டிய அந்த வரிசை முழுவதும் மறு ஆய்வுக்கு உட்பட்டே நிற்கிறது. பாடல்களுக்கும் தனித்தனி ஆண்டு கூற வழியில்லை. ஆகவே நற்றிணை காட்டும் உள்நாட்டு உமணர் முந்தியோரா, பட்டினப்பாலை காட்டும் கரையோர ஓடக்காரர் முந்தியோரா என்று வரிசைப்படுத்த நான் முயலவில்லை. சிவத்தம்பியின் சமனற்ற வளர்ச்சி அரசதிகாரத்தைப் பற்றிய விளக்கமாக நிலைக்கும். கடற்கரையின் வாழ்வாதாரத்தை விளக்க அது போதாது. நெய்தலை அடுத்து ஆராய்வோர் திணைவாரியாகப் பாடல்களைப் பிரிப்பதற்கு முன், உமணர் வண்டிகள் சென்ற வழிகளையும் கழிகளின் பழைய போக்கையும் பாடல், கல்வெட்டு, அகழாய்வு மூன்றையும் சேர்த்து ஒரே வரைபடத்தில் குறிக்க வேண்டும்.