யப்பானிய வீரர் ஒகிமுரா

விளையாட்டிலே வெற்றி பெற்றோர் பலர். பெற்ற வெற்றியைப் பிறர் நலத்துக்குப் பயன்படுத்தியோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் யப்பானிய மேசைப் பந்தாட்ட வீரர் ஒகிமுரா இச்சிரோ.

1932ஆம் ஆண்டு பிறந்த ஒகிமுரா இளமையிலேயே தந்தையை இழந்து, தாயின் உழைப்பில் வளர்ந்தார். மேசைப் பந்தாட்டத்தை அவர் கற்கத் தொடங்கியது உயர்தரப் பாடசாலையிற் பயின்ற காலத்திலேதான்.

1952ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற உலகப் போட்டியில், சதோ என்னும் யப்பானியர் தடித்த ஸ்பொஞ் ஒட்டிய மட்டையைக் கொண்டு ஐரோப்பிய வீரரைத் திகைக்கச் செய்து வாகை சூடினார். அம்மட்டையிற் பந்து படும் ஓசை கேளாது. அது திரும்பி வரும் விரைவையும் கணித்தல் அரிது. ஒகிமுராவும் ஸ்பொஞ் மட்டையையே கைக்கொண்டார். ஆயினும் மட்டையை மட்டும் அவர் நம்பினாரல்லர். ஓட்டத்தாலும் கடும் உடற்பயிற்சியாலும் கால்களுக்கு விரைவூட்டினார். வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 51 பங்கு இருப்பினும் துணிந்து தாக்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

1954ஆம் ஆண்டு உலகப் போட்டி இலண்டனில் நடைபெற்றது. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளே கழிந்திருந்தன. யப்பானியர்மீது ஆங்கிலேயர் கொண்டிருந்த கசப்பு தணியவில்லை. அந்த அரங்கிலேதான் ஒகிமுரா, இறுதி ஆட்டத்தில் சுவீடன் நாட்டு பிளிஸ்பேர்க்கை வென்று உலக வீரரானார். 1956இல் தோக்கியோவிலும் அப்பட்டம் அவரையே சேர்ந்தது. தனியாட்டம், இரட்டையர், குழு என அவர் பெற்ற உலகப் பட்டங்கள் மொத்தம் 12.

தம் கலையை அவர் தமக்குள் ஒளித்துவைக்கவில்லை. தாம் தோற்கடித்த வீரரின் நாடாகிய சுவீடனுக்கே சென்று இளைஞரைப் பயிற்றினார். அங்கு அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. 1973இல் சுவீடனின் ஆண்கள் குழு சீனாவை வென்று உலகப் பட்டம் பெற்றது.

1987இல் உலக மேசைப் பந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவரானார் ஒகிமுரா. அப்போது அவர் மேற்கொண்ட பணி, பட்டங்கள் அனைத்தினும் அரியது. பிரிந்து பகைத்து நின்ற வட கொரியாவையும் தென் கொரியாவையும் ஒரே குழுவாக ஆடச் செய்ய விரும்பினார். 1910 முதல் 1945 வரை கொரியாவை அடக்கி ஆண்ட நாடு யப்பான். அந்நாட்டவர் ஒருவர் சமாதானம் பேசச் செல்வது எளிதன்று. எனினும் இரு தலைநகரங்களுக்கும் பன்முறை சென்று, பொறுமையுடன் பேசி, இணங்க வைத்தார்.

1991இல் யப்பானின் சிபா நகரில், நீல நிறத்திற் கொரிய நிலப்படம் பொறித்த வெண்கொடியின் கீழ் இரு நாட்டவரும் ஒன்றாக நின்றனர். தொடர்ந்து எட்டு முறை பட்டம் வென்றிருந்த சீனப் பெண்கள் குழுவை, ஐக்கிய கொரியப் பெண்கள் 3–2 என வீழ்த்தினர். வடக்கும் தெற்கும் சேர்ந்து கண்ணீர் உகுத்தன.

அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை; குழுக்கள் மீண்டும் பிரிந்தன. 1994ஆம் ஆண்டு, தலைவர் பதவியிலிருக்கும்போதே, 62ஆவது வயதில் ஒகிமுரா காலமானார். எனினும், பகைவர் ஓரணியில் நிற்றல் இயலும் என்பதை அவர் ஒருமுறை மெய்ப்பித்துக் காட்டிச் சென்றார்.