ஊர்ப்பேரோட வந்த ஆக்கள்

எங்கட பெரியம்மாவுக்கு அடம்பனில ஒரு சிநேகிதி இருந்தா. ரெண்டு பேரும் ஒருக்காலும் சந்திச்சதில்லை, கடிதம் போட்டதும் இல்லை. எழுபதுகளின் கடைசியில, நெடுங்கேணியில மண் வீட்டுத் திண்ணையில பற்றரி ரேடியோவைச் சுத்தி இருந்து இலங்கை வானொலி கேட்ட காலத்துப் பழக்கம் அது. நேயர் விருப்பத்தில பாட்டுக்கு முன்னம் பேர்ப் பட்டியல் வாசிப்பினம். ஊர்ப்பேர் முன்னால, ஆள்பேர் பின்னால. கிழமைக்கு ரெண்டு தரமாவது அந்த அடம்பன் பேர் வரும். பெரியம்மா தானும் தபால் அட்டை எழுதிறவ. "அவவும் என்ர பேரைக் கேட்டிருப்பா தானே" என்பா. அவ்வளவுதான் சிநேகிதம்.

இலங்கை வானொலியின் வரலாறு எண்டால் நாங்கள் உடனே அறிவிப்பாளர்களிட்டப் போயிடுவம். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீட். போகத்தான் வேணும். 1950இல வர்த்தக சேவை தொடங்கின பிறகு கடல் தாண்டித் தமிழ்நாட்டையே கட்டிப்போட்ட குரல்கள். ஆனா அந்தக் குரல்கள் நாள் முழுக்க வாசிச்சது ஆற்ற பேரை? கேட்டவை லட்சக்கணக்கில இருந்திருப்பினம். அட்டை வாங்கி, முத்து முத்தா எழுதி, தபால் கந்தோருக்கு நடந்தவை கொஞ்சப் பேர்தான். அதாலதான் திரும்பத் திரும்ப அதே பேர்கள். கேக்கிறவைக்கு அது ஒரு சின்ன ஊர் மாதிரி ஆகிப்போச்சு.

இது எங்கட கதை மட்டும் இல்லை. 1952இல இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்க, இலங்கை வானொலியின் ஹிந்தி சேவையில அமீன் சயானி நடத்தின 'பினாக்கா கீத்மாலா'வுக்கு இந்தியா முழுக்கக் காது போச்சுது. அப்ப அறிவிப்பாளர் வாயில ஓயாமல் வந்த ஊர் ஜும்ரி தலையா. இப்ப ஜார்க்கண்டில இருக்கிற, மைக்கா தோண்டின ஒரு சின்னப் பட்டணம். அங்க இருந்து எழுதினவை அவ்வளவு பேர். அப்பிடி ஒரு ஊரே இல்லை, சும்மா கட்டிவிட்ட பேர் எண்டு கன சனம் நினைச்சதாம். போட்டிக்காரற்ற கடிதத்தைப் பிந்த வைக்கச் சொல்லித் தபால்காரருக்குக் காசு குடுத்ததாயும் ஒரு கதை இருக்கு. எங்கட ஆக்கள் அந்த அளவுக்குப் போகேல்லை எண்டு நம்புவம்.

பேர்களை வச்சே ஆக்களைப் படிக்கலாம் எண்டதைப் பெரியம்மா சொல்லித்தான் அறிஞ்சன். பிறந்தநாள் வாழ்த்தில அப்பா, அம்மா, அப்பப்பா, அம்மம்மா, மாமாமார் எண்டு முழுக் குடும்பமும் வரிசையா வரும். வருசா வருசம் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வருசம் அப்பப்பா இருக்க மாட்டார். ஆரும் மரண அறிவித்தல் சொல்லேல்லை, ஆனா திண்ணையில இருந்தவைக்கு விளங்கிவிடும். பிறகொரு வருசம் புதுசா ஒரு அத்தான் வருவார். அடம்பன்காரி கலியாணம் முடிச்சதைப் பெரியம்மா அறிஞ்சது இப்பிடித்தான். பேருக்கு முன்னால இருந்த 'செல்வி' போய் 'திருமதி' வந்திட்டுதாம்.

1990 ஜூனில திரும்பச் சண்டை தொடங்க, பொருளாதாரத் தடையும் வந்தது. பற்றரியும் தடைப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிட்டு வச்சு, பெடியள் பெடலைச் சுத்த, டைனமோவில ரேடியோ கேட்ட காலம் அது. சுத்திறவன் களைச்சால் குரலும் தேஞ்சு போகும். அந்த மின்சாரத்தைப் பாட்டுக்குச் செலவழிக்க ஆரும் விடமாட்டினம். செய்திக்கு மட்டுந்தான், முக்கியமா இரவில பிபிசி தமிழோசைக்கு. கொழும்புக்கு ஆர் இனி அட்டை எழுதிறது? வன்னிப் பேர்கள் நிண்டுபோச்சு எண்டு பெரியம்மா சொல்லுவா. எந்த நாள் நிண்டது எண்டு அவவுக்கும் தெரியாது.

1997 மே மாதம் ஜெயசிக்குறு வந்து நெடுங்கேணியும் இடம்பெயர்ந்தது. ரேடியோ அந்த ஓட்டத்தில எங்கேயோ விடுபட்டுப் போச்சு. 2008இல மன்னார்ப் பக்கச் சனமும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் ஓடி வந்தது. அடம்பன் ஆக்களும் அதுக்குள்ள.

2009இல செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில ஒலிபெருக்கியில பேர் கூப்பிடுவினம். பாக்க ஆக்கள் வந்திருக்கினம் எண்டால், ஊர்ப்பேர் முன்னால, ஆள்பேர் பின்னால. ஒரு நாள் தண்ணிக்கு வரிசையில நிக்கேக்க பெரியம்மாவுக்கு அந்தப் பேர் கேட்டுதாம். அடம்பன், பிறகு அதே பேர். வாளியை வச்சிட்டு ரெண்டு அடி போனவ, நிண்டிட்டா.

"ஏன் போகேல்லை?" எண்டு கேட்டன்.

"போய் என்னத்தை வச்சுப் பிடிக்கிறது? முகமும் தெரியாது, அவவின்ர குரலும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ராஜேஸ்வரி சண்முகத்தின்ர குரல்தானே. அதோட, வாளியை விட்டால் வரிசை போயிடும்."